இருபத்தஞ்சு புள்ளி பூஜ்யம் அஞ்சு

அக்காவின் பெயரை எழுதினால் உதவி கேட்டு இன்னும் நாலு பேர் அவர் வீட்டுக்குக் கிளம்பிப் போவார்கள். ஏற்கெனவே போகிறவர்களே போதும். அதனால் பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நஞ்சன்கூட்டில் பம்புகளுக்குப் பித்தளை புஷ் கடைகிற ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். புஷ் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு ரூபாய் நாணய அகலத்தில் ஒரு வளையம். பம்புக்குள் இருக்கும் குழியில் அது கச்சிதமாக உட்கார வேண்டும். லேத்தில் கடைந்து வரும் புஷ்ஷை மைக்ரோமீட்டரில் அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவது அக்காவின் வேலை. அந்த ரிஜிஸ்டரைப் பார்த்து மாத ரிப்போர்ட் டைப் அடிப்பது என் வேலை. அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும், எனக்கு இருபத்தைந்து.

இன்ஸ்பெக்ஷனில் உட்காருகிற ஆளுக்கு மனசு கொஞ்சம் கல்லாக இருக்க வேண்டும். அக்காவை அங்கே உட்கார வைத்த மகராசன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எதைப் பார்த்தும் "இது ஆகாது" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கொள்ளேகாலுக்கு அப்பால் ஹனூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவர். பேச்சு கொங்கு, படிப்பு கன்னடம். தமிழைக் கன்னட எழுத்தில் எழுதுவார். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு வசனம் வைத்திருந்தார். "ஸ்வல்பந்தானே அம்மிணி, உட்டுப்போடு."

மைசூரில் நாங்கள் ஏறும் அக்ரஹாரம் சர்க்கிளுக்குக் காலையில் கம்பெனி பஸ் வரும். அக்கா முதல் ஆளாக ஏறுவார், ஆனால் உள்ளே வர மாட்டார். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு மறு காலைத் தரையில் ஊன்றி நிற்பார். யாராவது தாமதமாக ஓடி வந்தால் பஸ் போய்விடக் கூடாதாம். ஒரு நாள் தூரத்தில் ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தார். அக்கா டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தினார். அந்த மனுஷன் எங்கள் பஸ்ஸைத் தாண்டி ஓடிப்போய் முன்னால் நின்ற குண்டலுபேட்டை பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் அக்காவையே பார்த்தோம். "அவரு பஸ்ஸு அவருக்குக் கெடச்சுதுல்ல, அப்புறமென்ன?" என்றார்.

பழம் வாங்கினாலும் அதே கதைதான். தள்ளுவண்டிக்காரி கறுத்துப்போன ரசபாளை வாழைப்பழத்தை ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பாள். அக்காவின் கை நேரே அங்கேதான் போகும். "இதையும் ஆராச்சும் வாங்கோணுமே." விளைவு, அவர் வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் ரசாயனம், அதாவது பழத்தைப் பிசைந்து வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த இனிப்பு. டிபன் டப்பாவில் எனக்கும் பங்கு வரும். இனிப்பைத் தின்றுவிட்டு அவரைக் கிண்டலும் செய்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் ரங்கோலிப் போட்டி வைத்தார்கள். அக்காதான் நடுவர். பதினொரு கோலம், பதினொன்றுக்கும் பத்துக்குப் பத்து. அதில் ஒன்றைப் பாதியிலேயே யாரோ மிதித்து அழித்திருந்தார்கள். "மிதிச்சதுக்கு அவ என்ன பண்ணுவா?" என்று அதற்கும் பத்து. கடைசியில் பரிசாக வைத்திருந்த குடத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நிர்வாகமே வைத்துக்கொண்டது.

இப்படிப்பட்டவரைத்தான் புள்ளியியல் படிக்க அனுப்பினார்கள்.

எங்களிடம் புஷ் வாங்கும் பெரிய கம்பெனி, இனிமேல் சரக்கோடு அளவுகளின் சார்ட்டும் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. நிர்வாகம் அவசர அவசரமாக ஒரு கம்ப்யூட்டரும் ஒரு புள்ளியியல் சாஃப்ட்வேரும் வாங்கியது. வாங்கிய பிறகுதான் அதை இயக்க ஒருத்தருக்கும் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. எங்களில் ஏழு பேரைப் பொறுக்கி, சனிக்கிழமை சாயங்காலம் சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடியில் நடந்த வகுப்புக்கு அனுப்பினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஏசி. கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாதாம், நாங்கள் நடுங்கினால் பரவாயில்லை. அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார், கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆரம்பிப்பார். இரண்டு பேருக்கு ஒரு மெஷின். எனக்கு ஜோடி அக்கா.

கிண்டலை விட்டுவிட்டுச் சொன்னால், அக்கா என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார். எந்த மெனுவுக்குள் போய் எதை அழுத்தினால் சராசரி வரும், எதை அழுத்தினால் படம் வரும் என்று நான் தடவிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்ததற்குப் போயிருப்பார். வகுப்பு எடுத்தவர் ஒரு கல்லூரி லெக்சரர். மைசூர்க் கன்னடத்தில் நிதானமாகப் பேசுவார். ஸ்டாண்டர்டு டீவியேஷன் என்றால் என்ன என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார், எங்கள் முகத்தில் விளக்கு எரியவில்லை. கடைசியில், எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு, அவ்வளவுதான் என்றார். நான் சும்மா இருக்காமல், எங்கள் அக்கா போட்ட கோலப் போட்டி மார்க்குக்கு அது பூஜ்யமா சார் என்று கேட்டேன். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு வகுப்பில் ஒருத்தருக்கும் ஸ்டாண்டர்டு டீவியேஷன் மறக்கவில்லை.

அடுத்த வாரம் எடை போடுகிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாரும் ஏறி நிற்க வேண்டும், அக்கா முள்ளைப் பார்த்துச் சொல்வார், நான் டைப் அடிப்பேன், சாஃப்ட்வேர் சராசரி கண்டுபிடிக்கும். லெக்சரரும் ஏறினார். "அறுபத்தெட்டு" என்றார் அக்கா. அவர் இறங்கிவிட்டு, திரும்பவும் ஏறித் தானே குனிந்து பார்த்தார். எழுபத்தொன்று.

"ஏம்மா, மூணு கிலோ எங்க போச்சு?"

"மத்தியானம் சாப்புட்டு வந்திருப்பீங்கல்லங்க சார், அதக் கழிச்சுப்போட்டேன்."

விசாரித்ததில் எல்லாருக்கும் கழித்திருக்கிறார். யார் ஏறும்போதே முகம் சுளித்தார்களோ அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. எனக்கு நாலு கிலோ. நான் அன்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன், கெடுத்துவிட்டார்கள்.

இன்னொரு நாள், கூட்டத்தை விட்டு விலகித் தனியாக நிற்கும் எண்ணைப் பற்றிப் பாடம். அதை அழித்துவிடாதீர்கள், ஏன் விலகி நிற்கிறது என்று போய்க் கேளுங்கள் என்றார் லெக்சரர். அக்கா கையைத் தூக்கினார். "அதைக் கொஞ்சம் பக்கத்துல கொண்டாந்து உட்டா என்னங்க சார்? பாவம், தனியா நிக்குதே." வகுப்பே சிரித்தது, நான்தான் எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தேன். அது வெறும் வெகுளித்தனம் என்று நினைத்தேன். அக்கா பதினாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்த மாதம்தான் மாதேவப்பாவுக்கு மெமோ வந்தது.

மாதேவப்பா எங்கள் மூன்றாம் நம்பர் லேத்தை ஓட்டுகிறவர். நஞ்சன்கூடுதான் சொந்த ஊர், வீட்டில் ஐந்து பேருக்கு அவர் ஒருவர் சம்பாத்தியம். புஷ்ஷின் வெளிவிட்டம் 25.00-லிருந்து 25.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நூலிழை போனாலும் பம்பின் குழிக்குள் நுழையாது. பெரிய கம்பெனிக்குப் போன சரக்கில் அவர் கடைந்த புஷ் இருந்த பெட்டி, குழிக்குள் நுழையவில்லை என்று திரும்பி வந்தது. மேனேஜர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். அளந்த பீஸ் எல்லாம் 25.05-க்குள்ளேயே இருந்தது. அப்படியானால் இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்டியது ஒன்று, பெட்டியில் போட்டது வேறு. எண்ணிக்கை காட்டுவதற்காகக் கழிவுப் பீஸை மாதேவப்பா கலந்திருக்கிறார். திங்கட்கிழமை என்கொயரி, குற்றம் உறுதியானால் வேலை போகும். மெமோவில் அப்படித்தான் இருந்தது.

அக்கா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. "அவரு அப்பிடிப்பட்ட ஆளில்ல அம்மிணி. திருட்டுத்தனம் பண்ணத் தெரியாது அந்தாளுக்கு." பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. வகுப்பு முடிகிற நேரம், ஒவ்வொருவரும் தன் செக்ஷன் கணக்கை வைத்து ஒரு சார்ட் போட வேண்டும். அது திங்கட்கிழமை மேனேஜர் மேஜைக்குப் போகும். அக்கா மூன்றாம் நம்பர் லேத்தை எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் எவ்வளவு ஒழுங்காகக் கடைந்திருக்கிறார் என்று படமாகக் காட்டிவிட்டால், இப்படிப்பட்டவன் எதற்குக் கலக்கப் போகிறான் என்று மேனேஜருக்குப் புரிந்துவிடும். இதுதான் அவர் திட்டம்.

நாளுக்கு ஐந்து ரீடிங், எழுபத்தெட்டு நாள். அவர் வாசிக்க வாசிக்க நான் டைப் அடித்தேன். 25.03. 25.05. 25.05. 25.04. 25.05. எனக்குக் கை வலித்ததே தவிர மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. முடித்து பிரிண்டருக்கு அனுப்பினோம். அந்தக் காலத்து பிரிண்டர் கறகறவென்று நட்சத்திரக் குறிகளால் படம் போடும். 25.00-க்கு நேரே ரெண்டு மூணு நட்சத்திரம். 25.01-க்கு இன்னும் கொஞ்சம். அப்படியே படிப்படியாக நீண்டுகொண்டே போய், 25.05-க்கு நேரே காகிதத்தின் ஓரம்வரை. 25.06-க்கு நேரே ஒன்றுமே இல்லை.

லெக்சரர் காகிதத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது மெஷின் போட்ட படம் இல்ல," என்றார். "மெஷினுக்கு 25.05-ல நிக்கணும்னு தெரியாது. ஏறுற எண்ணிக்கை மெதுவா இறங்கணும், 25.06, 25.07-ன்னு அந்தப் பக்கமும் நாலு நட்சத்திரம் இருக்கணும். இங்க யாரோ நின்னு கதவைச் சாத்தியிருக்காங்க. அந்தப் பக்கம் போக வேண்டியதெல்லாம் இங்கேயே குவிஞ்சு கிடக்கு. இந்த ரிஜிஸ்டர் யார் எழுதினது?"

அவருக்கு நிஜமாகவே தெரியாது. அக்கா ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் ஃபிளாப்பியை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

கீழே இறங்கிச் செருப்பைப் போடும்போதுதான் பேசினார். "தெனமும் ஒண்ணு ரெண்டுதான் மாத்தறேன்னு நெனச்சுட்டிருந்தேன் அம்மிணி. ஆறுன்னு காட்டும், ஏழுன்னு காட்டும், ஒரு நூலுதானேன்னு அஞ்சுன்னு எழுதிப்போடுவேன். அந்த மனுசன் பக்கத்துல நின்னு என்ற கையையே பாத்துட்டிருப்பாரு. எப்பிடி எழுதறது சொல்லு? ஒவ்வொண்ணாப் பாத்தப்பத் தெரியல. இத்தனையா?"

ரிஜிஸ்டரில் பொய் எழுதினால் சீட்டுக் கிழியும், அது எல்லாருக்கும் தெரியும். "அக்கா, ஃபிளாப்பி என் பையிலதான் இருக்கு," என்றேன். "அந்த 25.05-ல இருந்து கொஞ்சத்தை எடுத்து 25.02, 25.03-ன்னு பரப்பிவிட்டா படம் மலை மாதிரி அழகா வந்துரும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, உக்காந்து முடிச்சுரலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்கோசரமா?"

"பின்ன யாருக்கு?"

"நானும் இப்பிடித்தான் ஆரம்பிச்சேன்," என்று சொல்லிவிட்டு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவர் படியில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். என்கொயரி மேனேஜர் அறையில். ரிப்போர்ட்டுகளை எடுத்து வரச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாதேவப்பா சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அக்கா அந்தக் காகிதத்தை மேஜையில் விரித்துவிட்டார். இந்தக் குவியல் நான் எழுதியது, இவர் எதையும் கலக்கவில்லை, அவர் கடைந்ததே பெரிசாகத்தான் வந்தது, நான்தான் குறைத்து எழுதினேன் என்று ஒரே மூச்சில் கன்னடத்தில் சொல்லி முடித்தார்.

மேனேஜர் மாதேவப்பாவைப் பார்த்தார். "பெரிசா வருதுன்னு உனக்குத் தெரியுமில்ல? ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். லேத்துல டூலைத் தாங்குற ஸ்லைடு தேய்ஞ்சு ஆடுது, மாத்திக் கொடுங்கன்னு. மெயின்டனன்ஸ்ல மாச ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாங்க. எல்லாம் லிமிட்டுக்குள்ள இருக்கே, மெஷினுக்கு என்ன கேடுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

அந்த ரிப்போர்ட்டை டைப் அடித்தவள் நான். கையில் வேறு பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கே தலை குனிந்துவிட்டது என்றால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு இது அந்த நிமிஷம்வரை தெரியாது. முகம் வெளுத்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அதைப் பார்த்து மாதேவப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா மேல தப்பில்ல சார்," என்றார். "அந்த மைக்ரோமீட்டர் பழசு. அடிக்கடி கம்மியாத்தான் காட்டும். நானே பார்த்திருக்கேன்."

பச்சைப் பொய். ஆனால் எல்லாருக்கும் வசதியான பொய். மேனேஜருக்கே முகம் தெளிந்துவிட்டது. மைக்ரோமீட்டருக்கு வீடு வாசல் இல்லை, அதற்கு மெமோ கொடுத்தால் யாரும் அழப்போவதில்லை. பேனாவைத் திறந்துவிட்டார்.

"எழுதாதீங்க சார்," என்றார் அக்கா. "மைக்ரோமீட்டர் சரியாத்தான் காட்டுச்சு. இவர் எனக்காகப் பொய் சொல்றார்."

"அக்கா, நீங்க சும்மா இருங்க," என்று மாதேவப்பா பல்லைக் கடித்தார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "மூணு மாசம் நீங்க கேட்டுட்டே இருந்திருக்கீங்க. நான் எழுதி எழுதி உங்க வாயை அடைச்சிருக்கேன். இப்ப நீங்க என் வாயை அடைக்காதீங்க."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். மாதேவப்பாவின் மெமோவை அங்கேயே ரத்து செய்தார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம், மறுநாளிலிருந்து ஸ்டோர்ஸில் வேலை. பதினாலு வருஷ சர்வீஸுக்காக வேலை மட்டும் தப்பியது. அன்றைய ஷிப்டை முடித்துவிட்டு ரிஜிஸ்டரை என்னிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

சாயங்காலம் மூன்றாம் நம்பர் லேத்துக்குக் கடைசி முறையாக அளக்கப் போனார். நான் கூடவே போனேன். வழக்கமான ஐந்து பீஸ். ஒவ்வொன்றாக அளந்து எழுதினார். 25.07. 25.06. 25.08. 25.05. 25.07. மாதேவப்பா எட்டிப் பார்த்தார். லேத்தை அணைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு மெயின்டனன்ஸுக்கு நடந்தார்.

கால் மணி நேரத்தில் இரண்டு பேர் டூல் பெட்டியோடு வந்தார்கள். கவரைக் கழற்றினார்கள், ஸ்லைடை ஆட்டிப் பார்த்தார்கள். "இவ்வளவு தேய்ஞ்சிருக்கே, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று அதில் ஒருவர் கேட்டார். மாதேவப்பா கையில் இருந்த பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் மற்றவர்களுக்காகக் கண் கலங்கி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கேலியும் செய்திருக்கிறேன். தனக்காக அழுது அன்றுதான் பார்த்தேன்.

"கால் மணி நேரத்துல வந்துபோட்டாங்களே அம்மிணி," என்றார். "மொத நாளே நான் ஏழை ஏழுன்னு எழுதியிருந்தா, அன்னைக்கே வந்திருப்பாங்கல்ல?"

ஆமாம், வந்திருப்பார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அவரிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை. "ஆமாங்க்கா," என்றேன். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.